விசா யார் கணக்கில்?

மயிலாடும்பாறையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "அவன் நினைச்சிருந்தா ஊர்ல பாதிப் பயலுகளை சிங்கப்பூருக்குக் கூப்பிட்டிருக்கலாம். மனசு வரல." சொல்கிறவர்கள் என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். சொந்தக்காரர்கள், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. சிங்கப்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் அலுவலகத்தில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு பெர்மிட் விண்ணப்பம் போடும் மேசையில் பல வருசம் உட்கார்ந்திருந்தவன் நான். ஆகவே அந்தப் பேச்சைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பாதி ஊரைக் கூப்பிட்டிருக்க முடியாதுதான். நாலைந்து பேரையாவது கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை, கடைசியில் ஒருவனை மட்டும் எப்படிக் கூப்பிட்டேன், அவன் வந்தபிறகு எனக்கு என்ன புரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கடமலைக்குண்டுக்கும் வருசநாட்டுக்கும் இடையில் இருக்கிறது. தேனி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்கள் கம்பம் பள்ளத்தாக்கை நினைத்துக்கொள்வார்கள்: திராட்சைத் தோட்டம், இருபோக நெல், 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் வருவதில்லை. எங்களுக்கு மூல வைகை. வருசநாட்டு மலையில் மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். மலைச்சரிவில் இலவமரமும் முந்திரியும், கீழே கிணறு இருப்பவனுக்குத் தென்னை, இல்லாதவனுக்கு மானாவாரி. மழை தப்பிய வருசம் சனம் கிளம்பிவிடும். திருப்பூருக்கு ஒரு கூட்டம், மேற்கே மலையேறி ஏலத்தோட்டத்துக்கு ஒரு கூட்டம்.

என் அம்மா பிறந்த ஊர் போடிப் பக்கம். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டியபிறகு வீடு திரும்புகிற பெண்களோடு வளர்ந்தவர். சிங்கப்பூர் போக நான் காசு கட்ட வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது அவர் கேட்ட கேள்வி இது: "தோட்டத்துக்காரன் நமக்கு வேலையும் குடுத்து, ஏறிப்போக ஜீப்பும் அனுப்புறான். ஆளு வேணுங்கிறவன்தானேய்யா செலவு பண்ணணும்? இவன் ஏன் நம்மகிட்ட காசு கேக்குறான்?"

அப்பா சிரித்தார். "அது பக்கத்து மலை. இது வெளிநாடு. உனக்கு என்ன தெரியும்?"

வெளிநாட்டு வேலை பற்றி எங்கள் வீட்டில் யாரும் கேட்ட கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி. எனக்கு அது விளங்கப் பல வருசம் ஆனது.

நான் போனது 2000-களின் நடுவில். ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு மதுரையில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பயிற்சி மையத்தில் தங்கி 'டெஸ்ட் அடித்தேன்'. சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் இந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்வார்கள். கம்பி கட்டுவது, பலகை அடிப்பது, பூசுவது, டைல்ஸ் ஒட்டுவது, குழாய் வேலை, வயரிங் என்று ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் ஏற்றுக்கொண்ட மையத்தில் செய்து காட்டித் தேற வேண்டும். தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவிலிருந்து வருகிறவனுக்குக் கட்டுமானத்தில் பெர்மிட் கிடையாது.

டெஸ்டில் தேறினால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான். மீதிக்கு ஏஜென்ட் வேண்டும். பயிற்சி, டெஸ்ட், ஏஜென்ட் காசு எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ஆனது. ஒரு லட்சத்துக்குத் தென்னந்தோப்பை ஒத்தி வைத்தோம். மீதி ஒன்றரை லட்சம் மூணு வட்டிக்கு. அதாவது மாதம் பிறந்தால் 4,500 ரூபாய் வட்டி. எனக்கு ஒரு நாள் சம்பளம் 18 வெள்ளி. வெள்ளி அப்போது 27 ரூபாய் போல. ஓவர்டைம் பார்த்து, சாப்பாட்டுக்கும் போன் கார்டுக்கும் போக, மாதம் 12,000 ரூபாய் அனுப்பினால் பெரிய காரியம். அதில் முதலில் வட்டிக்காரர் கையை நீட்டுவார். பிறகு வீட்டுச் செலவு. அதன்பிறகு மிஞ்சியதுதான் அசலுக்கு.

இந்தக் கணக்கு ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரியும். தெரியாதது வேறு ஒன்று. அந்தக் கடன் வேலை செய்யும் இடத்தில் மனிதனை என்ன செய்கிறது என்பது.

முதல் வருசம் சைட்டில் பலகையிலிருந்த ஆணி என் காலில் ஏறியது. கிளினிக்குக்குப் போனால் டாக்டர் விடுப்புச் சீட்டு எழுதுவார். எம்சி என்போம். எம்சி போடுகிறவனை அடுத்த முறை பெர்மிட் புதுப்பிக்காமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று டார்மிட்டரியில் ஒரு பயம் இருந்தது. அது உண்மையா என்று சோதித்துப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. துணியைச் சுற்றி பூட்ஸுக்குள் காலை நுழைத்து வேலைக்குப் போனேன். ஓவர்டைம் மணிக்கணக்கு குறைந்து வந்தபோதும் வாய் திறக்கவில்லை. என்னை யாரும் மிரட்டவில்லை. ஒத்தியில் கிடந்த தென்னந்தோப்பே என்னை மிரட்டப் போதுமாக இருந்தது.

கடன் அடைந்தது. ராத்திரி வகுப்புகளில் ஆங்கிலம் பழகினேன், பாதுகாப்பு மேற்பார்வையாளர் படிப்பு முடித்தேன், நடுத்தரத் திறனாளர்களுக்கான எஸ் பாஸுக்கு மாறினேன். வேறொரு கம்பெனியில் சைட்டிலிருந்து அலுவலகத்துக்கு வந்தேன். முதல் வாரமே மனிதவள அமைச்சின் இணையதளத்தில் பெர்மிட் விண்ணப்பம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். திரையில் இருந்த ஒவ்வொரு கட்டணத்தையும் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

இன்றைய கணக்கைச் சொல்கிறேன். விண்ணப்பம் போட 35 வெள்ளி, பெர்மிட் வழங்க 35 வெள்ளி. மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் அரசாங்கத்திடம் 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுக்க வேண்டும். வருசத்துக்கு 60,000 வெள்ளி வரை செலவைத் தாங்கும் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் விடப் பெரியது லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்காகக் கம்பெனி அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் தீர்வை. கட்டுமானத் துறையில் இந்தியத் தொழிலாளி ஒருவருக்கு, அவர் அடிப்படைத் திறன் உள்ளவர் என்றால் மாதம் 900 வெள்ளி, உயர்திறன் பெற்றவர் என்றால் 500 வெள்ளி என்று 2024 ஜனவரி முதல் விகிதம். வேலை முடிந்து ஊர் திரும்பும் செலவும் உண்டு. இத்தனையும் கம்பெனி கணக்கு. ஒன்றைக்கூடத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்பது சட்டம்.

அப்படியானால் என் அப்பா கொடுத்த இரண்டரை லட்சம் எங்கே போனது? 'விசா செலவு' என்று சொல்லித்தான் வாங்கினார்கள். ஆனால் விசாவுக்கு அரசாங்கம் கேட்கும் பணம் முழுவதும் கம்பெனி கட்டுகிற பணம். எங்கள் பணத்தில் டெஸ்ட்டுக்குப் போனது போக மீதி, ஊரில் ஆள் பிடித்தவர், நகரத்தில் ஆபீஸ் போட்டவர், சிங்கப்பூரில் கம்பெனியோடு பேசியவர், சில நேரம் கம்பெனிக்குள்ளேயே ஆள் தேவை என்று சீட்டு எழுதியவர் என்று கைமாறிக் கரைந்திருக்கிறது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடியது ஒப்பந்த வருசம் ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம். எத்தனை வருசமானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. 2011-இல் வந்த வரம்பு இது. என் பழைய அடிப்படைச் சம்பளத்துக்கு அதைப் போட்டுப் பார்த்தால் 25,000 ரூபாய் சொச்சம்தான் வருகிறது. இந்தியாவிலும் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜிஎஸ்டிக்கும் மேல் வாங்கக் கூடாது. பதிவில்லாதவர் ஆள் எடுக்கவே 1983-ஆம் வருசத்துக் குடிபெயர்வுச் சட்டம் இடம் தரவில்லை. ஊருக்குள் வண்டியில் சுற்றும் துணை ஏஜென்ட் எல்லாம் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்தான்.

இந்த இடத்தில்தான் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் தெரிந்தபிறகு எனக்குக் கோபம் மட்டும் வந்திருந்தால் நான் யோக்கியன். ஆசையும் வந்தது.

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில், ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் என்னை உட்காரவைத்துப் பேசினார். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் தம்பி. கம்பெனிக்கு எப்படியும் ஆள் எடுக்கப் போறீங்க. நான் குடுக்கிற பேரை உள்ள போடுங்க. தலைக்கு ஆயிரம் வெள்ளி. உங்களுக்கும் பிரச்சினை இல்ல, வர்ற பயலுக்கும் வேலை கிடைக்கும்." அவர் கெட்டவர் மாதிரிப் பேசவில்லை. ஊருக்கு உபகாரம் மாதிரிப் பேசினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை பேர் எடுத்தால் ஒத்திக்கு வைத்த தோப்பை ஒட்டியிருந்த அடுத்த தோப்பையும் வாங்கலாம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

நான் மறுத்தேன். ஆனால் நேர்மையால் மறுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருசம் வரை சிறை என்று சிங்கப்பூர்ச் சட்டத்தில் இருக்கிறது. பயந்தேன். அந்தப் பயத்தில், ஊரிலிருந்து யார் கேட்டாலும், காசு வாங்காமல்கூடக் கூப்பிட வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான் வாங்காவிட்டாலும் என் பெயரைச் சொல்லி நடுவில் ஒருவன் வாங்கிவிடுவான் என்பது தெரியும். ஊரில் 'மனசு வரல' என்ற பேச்சு அப்படித்தான் பிறந்தது.

இந்தப் பழக்கம் நம்மூருக்குப் புதிது இல்லை. என் அப்பத்தாவின் அண்ணன்மார் இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போனவர்கள். மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்து, கப்பல் ஏற்றி, தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன காலம். ஆள் சேர்த்தவர் கங்காணி. அங்கே துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி அதில் வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று செய்துவிட்டு, அத்தனையையும் கூலிக்காரன் பெயரில் கடனாக எழுதிக்கொள்வார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இந்தக் கும்பலுக்கு இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டுகிறவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு அது. கடனை அடைக்கும் துரை ஆட்களை அழைத்துப் போவார். கடன் மட்டும் ஆட்களோடேயே போகும். அந்தத் துண்டு முறையை 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

நூறு வருசத்துக்கு முந்தைய இந்தக் கதையில் எனக்கு ஒரு விஷயம் முக்கியமாகப் பட்டது. அங்கே முதல் பணம் போட்டவர் துரைதான், கூலிக்காரன் இல்லை. ஆனால் எழுதப்பட்டது கூலிக்காரன் கணக்கில். ஆகவே 'யார் பணம் போடுகிறார்' என்ற கேள்வி மட்டும் போதாது. கடைசியில் அது யார் கணக்கில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். இன்றைக்கும் 'நீ ஒண்ணும் கட்ட வேணாம், சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுக்குவோம்' என்கிறவர்கள் உண்டு. அதுவும் துண்டுதான்.

பிரிட்டன் பக்கம் என்ன நடந்தது என்றும் பார்த்தேன். முதியோரைப் பராமரிக்கும் வேலையை 2022 பிப்ரவரியில் அந்த நாடு வேலை விசாப் பட்டியலில் சேர்த்தது. பராமரிப்பு நிறுவனம் ஸ்பான்சராக இருந்து ஒரு சான்று கொடுக்க வேண்டும்; நம் ஆட்கள் 'சிஓஎஸ்' என்று சொல்வது அதைத்தான். அதற்கு நிறுவனம் அரசுக்குக் கட்டும் கட்டணம் சில நூறு பவுண்டு. நம்மூரில் அதற்குப் பதினைந்து, இருபது லட்சம் என்று விலை பேசினார்கள். நர்சிங் முடித்த என் சித்தப்பா மகள் போன் போட்டுக் கேட்டாள்: "அண்ணே, பதினஞ்சு லட்சம் கேக்குறாங்க. ரெண்டு வருசத்துல எடுத்துரலாம்ங்கிறாங்க. போகவா?"

"அந்த நிறுவனத்துக்கு நெசமாவே ஆள் வேணும்னா, நீ எதுக்குப் பாப்பா அவனுக்குக் காசு குடுக்கணும்?" என்றேன். சொன்னபிறகுதான் அது என் அம்மா கேட்ட கேள்வி என்று உறைத்தது.

அவள் போகவில்லை. போனவர்களில் எத்தனையோ பேருக்கு அங்கே இறங்கியபிறகு வேலையே இல்லை. சிலருக்கு வாரத்தில் சில மணி நேரம் மட்டும். ஸ்பான்சரின் உரிமத்தை அரசு ரத்து செய்தால், தொழிலாளிக்கு வேறு ஸ்பான்சர் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். பிறகு 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரத் தடை வந்தது. 2025 ஜூலை 22-இல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுக்கும் வழியையே மூடினார்கள். இந்த நாடு அந்த நாடு என்று இல்லை. வேலை விசா என்பது தொழிலாளி பெயர் போட்ட, முதலாளியின் அனுமதி. அவர் கடை மூடினால் அதுவும் மூடும். அப்படிப்பட்ட ஒன்றுக்குத் தோப்பை ஒத்தி வைப்பது சூதாட்டம். சவுதியின் தொழிலாளர் சட்டத்தில்கூட ஆள் எடுக்கும் செலவு, இக்காமா என்ற குடியிருப்பு அனுமதிக் கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம் எல்லாம் முதலாளியைச் சேர்ந்தது என்று 40-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் பெரும்பாலும் என் அம்மா பக்கம்தான். நடைமுறைதான் அப்பா பக்கம்.

என் அக்கா மகன் எலக்ட்ரீசியன். ஆண்டிப்பட்டியிலும் தேனியிலும் வேலை பார்த்துக் கை பழகியவன். அவனுக்கு ஓர் ஏஜென்ட் விலை சொல்லியிருந்தார். அக்கா நகையை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு வைராக்கியம் வந்தது. ஒரே ஒருவனையாவது சட்டத்தில் எழுதியிருக்கிறபடி கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாளியிடம் இரக்கத்தைப் பேசினால் வேலைக்கு ஆகாது, கணக்கைப் பேசினேன். "கடனோடு வருகிறவன் நாலு காசு அதிகம் தருகிற கம்பெனிக்குத் தாவத்தான் பார்ப்பான். கட்டுமானத் தொழிலாளி பெர்மிட் முடிவதற்கு 40 முதல் 21 நாள் முன்பு உங்கள் சம்மதம் இல்லாமலே மாறிக்கொள்ளலாம். இரண்டு வருசம் பழக்கிய ஆளை இழந்து மறுபடி புது ஆளைப் பழக்குகிறோம். நம் செலவில் வருகிறவன் நிற்பான். அனுபவமும் கூடுதல் தேர்ச்சியும் சேர்ந்து அவன் உயர்திறன் பட்டியலுக்கு ஏறினால் மாதம் 400 வெள்ளி லெவி குறைகிறது. வருசத்துக்கு 4,800 வெள்ளி. டெஸ்ட் செலவும் விமான டிக்கெட்டும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை." அவர் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "ஒரு ஆள். பார்ப்போம்" என்றார்.

தேர்வு செய்யும்போது நான் உட்காரவில்லை. சைட் இன்ஜினியர் வீடியோவில் பேசி, அவன் பேனல் கட்டுவதைப் பார்த்துத்தான் எடுத்தார். டெஸ்ட் மையத்துக்குக் கம்பெனியே பணம் கட்டியது. தேறினான். பெர்மிட்டுக்கு முன் ஒப்புதல் தரும் ஐபிஏ கடிதம் வந்தது. அதில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். தொழிலாளிக்குப் புரியும் மொழியில் ஒரு பிரதி கிளம்புமுன் அவன் கையில் கிடைக்க வேண்டும். அக்கா மகன் அதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறான். ஏஜென்ட் கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யம்தான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. அக்கா போன் போட்டாள். "தம்பி, காசே குடுக்காமப் போற வேலை நெலைக்குமா? உன் மச்சான் ரொம்ப யோசிக்கிறாரு." மச்சான் போனை வாங்கினார். "மாப்ள, சும்மா வர்ற விசா போலி விசாவா இருக்கும்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. ஒரு லட்சமாச்சும் யாருக்காவது கட்டிருவோமா? ஒரு பிடிமானம் இருக்கும்ல?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எத்தனை வருசம் கொடுத்துக் கொடுத்து, கொடுக்காத இடத்தில் சந்தேகம் வரும் அளவுக்குப் பழகியிருக்கிறோம். நான் மனிதவள அமைச்சின் தளத்தில் அந்த பெர்மிட் எண்ணைப் போட்டு வந்த பக்கத்தை அனுப்பிவைத்தேன். அதன்பிறகும் மச்சான் முழுசாக நம்பவில்லை. விமானம் ஏறியபிறகுதான் நம்பினார்.

அவன் வந்து சில மாதம் கழித்து சைட் சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார். அவரும் தமிழர், புதுக்கோட்டைப் பக்கம். "உங்க அக்கா மகனுக்கு வாய் ஜாஸ்தியா இருக்குண்ணே" என்றார். நடந்தது இது. அவசரத்தில் ஒரு பேனலில் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போடாமல் கை வைக்கச் சொல்லியிருக்கிறார். இவன், "லாக் போட்டு டேக் மாட்டுங்கண்ணே, அப்புறம் தொடுறேன்" என்று சொல்லி ஒதுங்கி நின்றிருக்கிறான். அரை மணி நேரம் வேலை நின்றது. அவ்வளவுதான். யாரும் அவனை ஊருக்கு அனுப்பவில்லை. காய்ச்சல் வந்தபோது எம்சி போட்டுப் படுத்தான். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

அன்று எனக்கு ஆணி ஏறிய கால் ஞாபகம் வந்தது. அதே நாடு, அதே வகைப் பெர்மிட். பாதுகாப்பு விதிகள் நான் வந்த காலத்தைவிட இப்போது கூடியிருக்கின்றன என்றாலும், எனக்கும் அன்று டாக்டரிடம் போக உரிமை இருந்தது. என்னிடம் இல்லாதது அவனிடம் இருந்தது. ஊருக்குத் திருப்பி அனுப்பினாலும் அவன் வீட்டில் யாரும் தெருவுக்கு வரப்போவதில்லை என்ற நிச்சயம். பெர்மிட்டில் எழுதியிருக்கும் விதிகள் மனிதனைக் கட்டிப்போடுவது ஓரளவுதான். மூணு வட்டிதான் முழுசாகக் கட்டிப்போடுகிறது. உரிமை எல்லாம் காகிதத்தில் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது. அதை எடுத்துப் பேசும் வாய் கடன் இல்லாதவனுக்கே வருகிறது.

ஊரில் இப்போது யாராவது வந்து விசா பற்றிக் கேட்டால் நான் நாலு கேள்வி கேட்கிறேன். வேலை கொடுக்கிற கம்பெனியின் பெயர் என்ன? ஏஜென்ட் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள், கம்பெனி பெயரைச் சிலர்தான் சொல்கிறார்கள். சம்பளம் எழுதிய கடிதம் கையில் இருக்கிறதா? கொடுக்கும் பணத்துக்கு ரசீது உண்டா? ரசீது கேட்டதும் முகம் மாறுகிற ஏஜென்டிடம் பேச்சை அதோடு நிறுத்திவிடலாம். கடைசியாக, எந்த விசாவில் போகிறாய்? டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போன பிள்ளைகள்தான் கம்போடியாவிலும் மியான்மரிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டார்கள். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்குப் பத்தாவது தேறாதவர் வேலைக்குப் போனால் இந்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி வாங்க வேண்டும்; ஒப்பந்தம் அரசின் இமைகிரேட் இணையதளத்தில் பதிவாகும். சிங்கப்பூரும் பிரிட்டனும் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே போகிறவன் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இத்தனை கேட்டா ஏஜென்ட் வேற ஆளைப் பாத்துப் போயிருவான்ணே" என்கிறார்கள். வாஸ்தவம். ஒரு வேலைக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்வரை, கேள்வி கேட்காத பதினோராவது ஆள் கிடைத்துக்கொண்டே இருப்பான். அதனால்தான் இதைத் தனி ஒருவனின் சாமர்த்தியமாக என்னால் முடித்துவிட முடியவில்லை. அக்கா மகன் தைரியமாகப் பேசியதில் கடன் இல்லாத தெம்பு ஒரு பாதி என்றால், மாமன் ஆபீசில் இருக்கிறான் என்ற தெம்பு இன்னொரு பாதி. அதை மறைத்துவிட்டு 'சட்டப்படி போங்கள்' என்று ஊருக்குப் புத்தி சொன்னால் அது பாதி உண்மைதான்.

எல்லா வீட்டுக்கும் ஒரு மாமன் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க முடியாது. அந்த மாமன் செய்ய வேண்டிய வேலையைச் செய்யத்தான் 1978-இல் தமிழ்நாடு அரசு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. கம்பெனியோடு நேரே பேசி, வரம்புக்குட்பட்ட கட்டணத்தில் ஆள் அனுப்பும் அரசு ஏஜென்ட் அது. மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தின் நோர்கா அமைப்பு 2021-இல் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டு, நர்சுகளுக்கு மொழிப் பயிற்சியே இலவசமாகக் கொடுத்து அனுப்புகிறது. செலவு வேலை கொடுக்கும் ஜெர்மன் மருத்துவமனைகள் பக்கம். என் சித்தப்பா மகளும் இப்போது ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே இது முடியாத காரியம் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் துணை ஏஜென்ட் வண்டியில் வீடு தேடி வருகிறார். அரசு நிறுவனத்தின் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கடமலைக்குண்டிலோ ஆண்டிப்பட்டியிலோ மாதம் ஒரு நாள் அதன் ஆட்கள் வந்து உட்கார்ந்து, எந்த நாட்டில் எந்த வேலைக்கு எந்தக் கம்பெனி ஆள் கேட்கிறது, எந்தச் செலவு யாருடையது என்று பலகையில் எழுதிப் போட்டாலே, நான் பல வருசம் பயந்து பயந்து செய்யாமல் விட்ட வேலை நடந்துவிடும். என்னை 'மனசு வரல' என்று திட்டுகிறவர்களிடம் நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்: திட்டுங்கள், நியாயம்தான், அப்படியே அடுத்த கிராமசபையில் எழுந்து இதையும் தீர்மானமாகக் கேளுங்கள். எழுதிக்கொடுக்க நான் வருகிறேன்.